காலஞ்சென்ற ரோச் கொரைராவின் மகள்

தூத்துக்குடி
2-5-1976, ஞாயிறு

பிலோமினாவுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இரண்டு வருடத்துக்கு மேலாக உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. நீ எழுதியவற்றுக்குப் பதிலும் போடவில்லை. எழுதினால் வார்த்தை தடித்துவிடும், கூடப் பிறந்தவளாயிற்றே என்று ஒதுங்கியிருந்தேன். இன்று காலைப் பூசையில் நடந்ததற்குப் பிறகு ஒதுங்கி நிற்கவும் எனக்கு இடமில்லை.

பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். இவர் கோட்டாறு பக்கத்துக்காரர். வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, ஊரில் யார் யார் என்று இன்னும் தெரியாது. மூன்று ஜோடிகளுக்கு வாசித்தார். மூன்றாவது ஜோடியினுடையதை அவர் வாசித்தபடியே எழுதுகிறேன்: 'சென்னை இராயபுரத்தைச் சேர்ந்த அந்தோணி வாஸ் அவர்களின் மகன் பெஞ்சமினுக்கும், நமது கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவரும் காலஞ்சென்ற ரோச் கொரைராவின் மகளுமான கிளாடிசுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது முதல் ஓலை. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.'

நான் எப்போதும் நிற்கும் தூணோரத்தில் நின்றிருந்தேன். கோயிலே திரும்பிப் பார்த்தது என்று எழுதினால் மிகை என்பாய். மிகையில்லை. ஆண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாக மாறி அடங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து மரியசெல்வி என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். என் மகளுக்குக் கல்யாணம் என்பதும் நான் செத்துப்போனேன் என்பதும் எனக்கு ஒரே வாக்கியத்தில் தெரியவந்தன.

வெளியே வந்ததும் சங்குக் கிட்டங்கியில் வேலைபார்க்கும் செபாஸ்டின் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏலே ரோச்சு, நீ எப்பம்லே செத்தே? அடக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியே!" அவன் பக்கத்தில் நின்றவன் விடவில்லை. "அது கெடக்கட்டும். இந்தக் காதை வச்சிக்கிட்டுப் பெட்டி மூடி எப்பிடிலே மூடிச்சு?"

நாற்பத்தேழு வயதில், பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்தவன், இதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

உனக்கு அம்மாவின் காது. தலையோடு ஒட்டிப் படுத்திருக்கும். அப்பாவின் விரிந்து நிற்கும் காது எனக்கு வந்தது, என்னிடமிருந்து கிளாடிசுக்குப் போயிற்று. ஏழாம் வகுப்பில் எனக்குச் 'சிப்பிக்காதன்' என்று பெயர் வைத்தார்கள். படிப்பை முடித்து வாத்தியாராகப் போனேன், நினைவிருக்கிறதா? நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே கரும்பலகையில் திறந்த சிப்பி ஒன்று வரைந்திருக்கும். இரண்டு வருடம் தாங்கினேன். பிறகு இந்தக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ். உப்பு ஏற்றும் தோணிகளுக்குச் சீட்டு எழுதியே இருபத்திரண்டு வருடம் போய்விட்டது. என்னோடு படித்தவர்கள் இன்று கல்லூரியில் பேராசிரியர்கள். நான் யாரிடமும் போய் முறையிடவில்லை.

கிளாடிசை உன்னிடம் அனுப்பியது படிப்பதற்கு. நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய், காதின் பின்பக்கம் கீறி, குருத்தெலும்பைச் சீவி, இழுத்துத் தைக்கச் சொன்னாய். எல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஒரு கார்டு: 'ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இனிக் கவலையில்லை.' யாருக்குக் கவலையில்லை, பிலோமி? அந்தக் கிறிஸ்மசுக்கு அவள் வந்தாள், இரண்டு நாளில் போய்விட்டாள். அதோடு சரி.

இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை பாக்கியிருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் செத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தது யார்? அதற்கு மட்டும் பதில் போடு.

உயிரோடிருக்கும் உன் அண்ணன்,
ரோச்


சேசு மரி சூசை

சென்னை
6-5-1976

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதிக் கொடுத்தது நான்தான்.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் வைத்துப் படித்தேன். வீட்டில் படிக்கத் தைரியம் வரவில்லை. அண்ணன், அந்த ஓலை தூத்துக்குடிக்கு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிளாடிஸ் ஐந்து வருடமாக இங்கேயே இருக்கிறாள், இங்கே மட்டும்தான் வாசிப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். ஞானஸ்நான சர்டிபிகேட்டைப் பார்த்ததும் இங்கத்துச் சாமியார், பிறந்த ஊரிலும் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும் என்று தபாலில் அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்தபோது முதல் ஞாயிறுக்கு ஒரு நாள்தான் இருந்தது. தந்தி கொடுக்கலாமா என்று தபாலாபீஸ் வரை போனேன். தந்தியில் என்ன எழுதுவது? 'நீங்கள் செத்துவிட்டீர்கள், பூசைக்குப் போகாதீர்கள்' என்றா?

காரணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. போன ஐப்பசியில் மணப்பாட்டுக்காரர்கள் இரண்டு பேர், ஒரு ஆணும் ஒரு அம்மாளும், முன்னறை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வந்தார்களே, நீங்கள்கூடக் கலர் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்கள் வீடு பார்க்க வரவில்லை. கிளாடிசைப் பெண் கேட்டிருந்தவர்கள், பெண்ணின் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். நேரே மெட்ராசுக்கு வந்து அந்த அம்மாள், "கொஞ்சம் முடியைத் தூக்கு மக்கா" என்று கிளாடிசின் காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். தையல் தழும்பு விரலில் பட்டது. "தச்ச காதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா எங்களுக்கு ரயில் சார்ச்சு மிச்சம். பிள்ளைக்குப் பிறக்குறதுக்கும் தச்சுக்கிட்டா இருக்க முடியும்?" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்காமல் போனாள். கிளாடிஸ் நான்கு நாள் சாப்பிடவில்லை.

இந்த வாஸ் குடும்பத்தாருக்குக் காது விஷயம் தெரியாது. நல்ல பையன், துறைமுகத்தில் வேலை. கல்யாணம் இருபத்தாறாம் தேதி. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்த இடத்தில் மூன்று தடவை நிறுத்திவிட்டேன். உங்களைப் பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும் அண்ணன். ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை.

கோபத்தில் ஒன்றும் செய்துவிடாதீர்கள். மூன்றாம் ஓலை முடியட்டும். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

பிலோமினா


தூத்துக்குடி
10-5-1976

பிலோமினாவுக்கு,

நேற்று இரண்டாம் ஓலை. போன வாரம் திரும்பிப் பார்த்தவர்கள் இந்த வாரம் என் பெயர் வருவதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள். வழக்கமாக முதல் பூசைக்கு வருகிறவர்கள்கூட இரண்டாம் பூசைக்கு வந்திருந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், நான் உயிரோடிருந்த காலத்தில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனிதர்தான். என்னைப் பார்த்து அவருக்கு வேர்த்துவிட்டது.

"அந்த ரோச் கொரைரா நீர்தானா?"

"நான்தான் சாமி."

"சவேரியாரே! நான் என்ன செய்யட்டும் சொல்லும். தகப்பன் உயிரோடு இருக்கிறது கல்யாணத்துக்குத் தடை இல்லை. என்னிடம் கேட்டது, தடை இருக்கிறதா இல்லையா என்றுதான். அதற்கு நான் பதில் எழுதிவிடலாம். ஆனால் திருத்தம் வேண்டும் என்று நீர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், நான் அதை அங்கே அனுப்பாமல் இருக்க முடியாது. மூன்றாம் ஓலைக்குள் சொல்லும்."

வீட்டுக்கு வந்ததும் எழுதிவிட்டேன். 'நான் கையெழுத்திட்டுள்ள ரோச் கொரைரா, மேற்படி கிளாடிசின் தகப்பன், இந்நாள்வரை உயிருடன் இருக்கிறேன்.' இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு மனிதன் எழுதவேண்டி வந்ததே என்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்தும் போட்டாயிற்று. மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

மணப்பாட்டு அம்மாள் கேட்டதில் ஒரு கேள்வி சரியான கேள்வி, பிலோமி. அதை நான் அன்றே கேட்டிருப்பேன், நீ என்னிடம் ஒரு வார்த்தை கலந்திருந்தால். டாக்டர் காதைத் தைக்கலாம். ரத்தத்தை எந்த ஊசி தைக்கும்? நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, என் காதோடு தொட்டிலில் கிடந்தால் வாஸ் குடும்பத்தாரிடம் என்ன சொல்வாய்? மருத்துவச்சி இழுத்துவிட்டாள் என்றா?

இசபெல்லா இறந்தபோது கிளாடிசுக்கு ஆறு வயது. மறுகல்யாணம் செய்துகொள் என்று சொன்னவர்களில் நீயும் ஒருத்தி. நான் செய்துகொள்ளவில்லை. சோறு வடித்தேன், பாவாடை தைக்கக் கொடுத்தேன், பள்ளிக்கூடம் போகுமுன் தலை பின்னிவிட்டேன். பதினோரு வருடம் ஒரு ஆண் கை ஒரு பெண்பிள்ளைக்குத் தலை பின்னியிருக்கிறது. உனக்கு ஒரு குழந்தை இல்லை. என் குழந்தையை எடுத்துக்கொண்டு, என்னை அதிலிருந்து சீவி எறிந்துவிட்டாய். இதைத்தான் அன்றிலிருந்து சொல்ல நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு நிச்சயம். கிளாடிசுக்கு இந்த ஓலை விவகாரம் தெரியாது. நீ ஓலைக்கான பாரத்தை எழுதி நீட்டியிருப்பாய், அவள் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பாள். அவளிடம் சொல். 'அப்பா, வாங்க' என்று அவள் கையால் இரண்டே வார்த்தை வரட்டும். இந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிடுகிறேன். இராயபுரம் கோயிலில் கடைசி வரிசையில், தலைப்பாகை கட்டிக்கொண்டு வேண்டுமானாலும் உட்கார்ந்திருந்து, விருந்துக்கு நிற்காமல் ரயிலேறிவிடுகிறேன். யார் என்று யாராவது கேட்டால், தூத்துக்குடியில் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு வார்த்தை சனிக்கிழமைக்குள் வரவேண்டும். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காகிதம் சாமியார் கைக்குப் போகும்.

ரோச்


சேசு மரி சூசை

சென்னை
13-5-1976

அன்புள்ள அண்ணனுக்கு,

முதல் கடிதத்தில் நான் உங்களிடம் பொய் சொன்னேன். பாரத்தில் எழுதியது என் கைதான். ஆனால் 'காலஞ்சென்ற' என்ற அந்த வார்த்தை என்னுடையது இல்லை.

வாஸ் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று பையனையும் கிளாடிசையும் முன்னறையில் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று விட்டோம். நான் அடுப்படியில் பலகாரம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். பையன் சாதாரணமாகத்தான் கேட்டான், "உங்க அப்பா என்ன செய்றாங்க?" என்று. நான் தட்டோடு வந்து பதில் சொல்லுமுன் கிளாடிஸ், "அப்பா இல்லை" என்றாள். பையன் எழுந்து நின்று, "மன்னிச்சுக்குங்க, தெரியாமக் கேட்டுட்டேன்" என்றான். அவள், "பரவாயில்லை, ரொம்ப நாளாச்சு" என்றாள்.

அவர்கள் போனபிறகு நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். "ஏளா, என்ன வார்த்தை சொல்லிட்டே! குத்துக்கல்லாட்டம் இருக்க மனுசனை!" அவள் அழவில்லை. அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன், நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

"அத்தை, கட்டுப் பிரிச்சு மூணு மாசத்துல முதல்முதலா முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கிட்டு ஊருக்குப் போனேன். அப்பா பார்க்கட்டும்னுதான். கதவைத் தட்டுனேன். திறந்துட்டு, 'யாரும்மா? யாரைப் பார்க்கணும்?'னு கேட்டாரு. நான் விளையாடுதாருன்னு சிரிச்சேன். 'அப்பா, நான்தான்'னேன். 'எம்மகளுக்குக் காது இப்பிடி இருக்காதே'ன்னுட்டு உள்ள போய்ட்டாரு. ரெண்டு நாள் பக்கத்துத் தெரு ஆக்னஸ் அக்கா வீட்டுல கிடந்தேன். கிறிஸ்மஸ் பூசையில எதிர்க்க நின்னேன். திரும்பல. அவருக்கு மக இல்லைன்னா எனக்கு அப்பா எங்கன இருந்து வருவாரு?"

அண்ணன், இதில் ஒரு வார்த்தைகூட நீங்கள் எனக்கு எழுதவில்லை. 'வந்தாள், இரண்டு நாளில் போய்விட்டாள்' என்று மட்டும் எழுதினீர்கள்.

நீங்கள் தலை பின்னிவிட்டது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஏழு வயதில் முத்துக்குளிப்பு நடந்த வருடம், கரையில் குவிந்துகிடந்த சிப்பிகளைப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஊர்வலம் வந்தார்கள். காதை மூடிப் பின்னிவிடுங்கப்பா என்று கெஞ்சினாள். நீங்கள் இன்னும் இழுத்துப் பின்னினீர்கள். "நானும் இப்படித்தான நடக்கேன், நீயும் நட" என்றீர்கள். நீங்கள் பட்டதை அவளும் படவேண்டும் என்று ஏன் நினைத்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆபரேஷனுக்கு அவள்தான் என்னைக் கேட்டாள். நான் கூட்டிப்போகவில்லை, அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். மேசையில் படுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாட்ட முடிஞ்ச பிறகு சொல்லுங்க, முதல்ல சொன்னா எனக்குப் பயம் வந்துரும்" என்றாள்.

உங்கள் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். தலைப்பாகை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுதிய இடத்தில் நிறுத்தி, மறுபடியும் அதையே படித்தாள். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து வெறுங்காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "வாங்கன்னு எழுதினா வந்துருவாரு, அத்தை" என்றாள்.

அவ்வளவுதான். நான் வேறு என்ன சொல்ல? காகிதம் உங்கள் பையில் இருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். நான் இனிக் கெஞ்சப் போவதில்லை.

பிலோமினா


தூத்துக்குடி
17-5-1976

பிலோமினாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நான் கெடு வைத்த நாளில்.

அவள் சொன்னது பொய்யில்லை. உனக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். கதவைத் திறந்தபிறகுதான் நான் அவளைப் பார்த்தேன் என்று நினைக்காதே. தெருமுனையில் திரும்பும்போதே சன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். நடையிலேயே தெரிந்துவிட்டது. இசபெல்லாவின் நடை. அவள் நெருங்க நெருங்க, கொண்டை போட்ட தலையும் ஒட்டிப் படுத்த காதும் தெரிந்தன. அழகாகத்தான் இருந்தாள். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், என் முகத்திலிருந்த எதையோ இவள் வெட்டி ஆஸ்பத்திரி வாளியில் போட்டுவிட்டு, அந்தச் சந்தோஷத்தைக் காட்ட என்னிடமே வருகிறாள் என்று தோன்றிற்று. அவள் கதவைத் தட்டுமுன் அந்தக் கேள்வியை நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தவறி வந்த வார்த்தை இல்லை அது. இரண்டாம் நாள் ஆக்னஸ் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே அவள் சிரித்துப் பேசும் குரல் கேட்டது. திரும்பிவிட்டேன். அவள் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்தேன். இரண்டு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

நேற்று மூன்றாம் ஓலை. சாமியார் என் பெயரை வேகமாகத் தாண்டினார். 'தடை ஏதும் அறிந்தவர்கள்' என்ற இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோயிலில் விசிறி ஆட்டுகிறவர்கள்கூட நிறுத்தியிருந்தார்கள். கை பையில்தான் இருந்தது. காகிதத்தின் மடிப்பு விரலில் பட்டது. கையை வெளியே எடுக்கவில்லை. அவர் அடுத்ததற்குப் போனார்.

பிறகு உள்ளே போய், "ஓலையில் தப்பு ஒன்றும் இல்லை சாமி, அப்படியே எழுதிவிடுங்கள்" என்றேன். என் தோளில் கைவைக்க வந்தார். விலகிவிட்டேன். வெளியே செபாஸ்டின், "என்னலே, இந்த வாரமும் உயிர்த்தெழலையா?" என்றான். "இல்லலே, செத்துத்தான் போனேன்" என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. பெட்டி மூடியைப் பற்றிப் பேசியவனும் தலையைக் குனிந்துகொண்டான். முப்பத்தைந்து வருடமாக இவர்கள் வாயை அடைக்க வழி தேடியிருக்கிறேன். இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் போயிற்று.

காகிதத்தைச் சட்டையோடு சேர்த்தே பேச்சித்தாயிடம் வெளுக்கப் போட்டுவிட்டேன். அவளுக்குப் பையைப் பார்க்கிற பழக்கம் இல்லை.

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. நான் அவளை மன்னிக்கவில்லை. அவளும் என்னை மன்னிக்கவேண்டாம். உன்னையும் மன்னிக்கவில்லை. அவளுக்கு எழுத வார்த்தை இல்லாமல் போகவில்லை, எழுதினால் நான் வந்துவிடுவேன் என்றுதான் எழுதவில்லை. அதை என்னால் மாற்ற முடியாது. இரண்டு வாரமாக என்னை உயிரோடு வைத்திருக்கச் சொல்லி ஊரெல்லாம் சண்டை போடத் தயாராக இருந்தேன். யாருக்காக?

இரண்டு காரியம் மட்டும் கவனித்துக்கொள். நான் எப்படிச் செத்தேன் என்பதை நீயும் அவளும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நீ ஒன்று சொல்லி அவள் ஒன்று சொல்லக்கூடாது. மாரடைப்பு என்று சொல்லுங்கள். கடலில் என்று சொல்லிவிடாதீர்கள். கடல் என்றால் எந்தத் தோணி, எந்த வருடம், கூடப் போனது யார் என்று நம் ஆட்கள் விடமாட்டார்கள். பையனும் துறைமுகத்து ஆள், விசாரித்துப் பார்ப்பான்.

இன்னொன்று. பிள்ளை பிறந்து, காது என்னுடையதாக இருந்தால், செத்துப்போன தாத்தாவின் காது என்று சொல்லிவிடுங்கள். இறந்தவன் காதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். பிள்ளைக்கு அதைத் தைக்கவேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளை சொல்லட்டும். முடியை மட்டும் இழுத்துப் பின்னவேண்டாம் என்று அவளிடம் சொல்.

இனி எழுதமாட்டேன். நீயும் எழுதாதே. கல்யாணப் படம் அனுப்பாதே.

வழக்கம்போல் கீழே பெயர் போடப் பேனாவைக் கொண்டுபோனேன். போட்டால், பதினேழாம் தேதி நான் உயிரோடிருந்தேன் என்பதற்கு உன் வீட்டில் ஒரு அத்தாட்சி கிடக்கும். நாளைக்கு யார் கண்ணிலாவது படும். பேனா வைத்த இடத்தில் ஒரு சொட்டு மை விழுந்திருக்கிறது, அது இருக்கட்டும். கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.